கடாரம் கொண்டோம், கண்டோமா?

'கடாரம் கொண்டான்' என்ற பட்டத்தைக் கேள்விப்படாத தமிழ் மாணவர் நம் நாட்டில் அரிது. தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டி மேடைகளில் முதலாம் இராசேந்திர சோழனின் கப்பல்கள் ஆண்டுதோறும் கடல் கடந்துகொண்டே இருக்கின்றன. சாண்டில்யனின் 'கடல் புறா'வைப் படித்தவர்களுக்கோ கடாரத்துக் கடற்கரை மனக்கண்ணில் நிற்கும். அந்தக் கடாரம் சுங்கை பட்டாணியிலிருந்து காரில் ஏறக்குறைய அரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

தமிழ்ப்பள்ளியில் நான் 'கடாரம்' என்று படித்தேன். பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியின் வரலாற்றுப் பாடத்தில் 'கெடா துவா' என்று, அதாவது பழைய கெடா என்று படித்தேன். முன்னது வீரக்கதை, பின்னது தேர்வுக்கு மனனம் செய்த பாடம். இரண்டும் ஒரே மண் என்று எந்த வகுப்பிலும் யாரும் இணைத்துச் சொல்லவில்லை. அந்த மண்ணில் பார்க்க வேண்டிய இடங்கள் எவை, அங்கே எதைக் கவனிக்க வேண்டும், ஏன் இப்போதே போக வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடாரம் ஏன் இங்கே அமைந்தது?

வடக்கே ஜெராய் மலை, தெற்கே மூடா ஆறு, நடுவே மெர்போக் ஆறு. இவற்றை ஒட்டிய நிலப்பரப்பே இன்று பூஜாங் பள்ளத்தாக்கு எனப்படுகிறது. ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரமுடையது. சமவெளியில் தனித்து நிற்பதால் கடலில் வெகுதொலைவிலிருந்தே கண்ணுக்குப் படும். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அது இயற்கை தந்த கலங்கரை விளக்கம்.

மற்றொரு காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்து வந்த கப்பல், வடகிழக்குப் பருவக்காற்று வீசும்வரை ஊர் திரும்ப முடியாது. ஆகவே வணிகர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். தங்குமிடம் தேவைப்பட்டது, கிடங்கு தேவைப்பட்டது, கும்பிடக் கோயிலும் விகாரையும் தேவைப்பட்டன. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பயணம் செய்த சீனத் துறவி இட்சிங்கும் வழியில் கெடாவில் தங்கிச் சென்றார். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களுள் காழகத்துச் செல்வத்தையும் சொல்கிறது. காழகம் என்பது கடாரமே என உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் கூறுகிறார். எல்லா ஆய்வாளர்களும் அதை ஏற்கவில்லை என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள்

சுங்கை பட்டாணிக்கு இரயிலிலேயே வந்துவிடலாம். அங்கிருந்து பீடோங், செமிலிங், மெர்போக் என்று போகும் வழியில்தான் முக்கியமான இடங்கள் உள்ளன. நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு காரில் போவது வசதி.

1. சுங்கை பத்து: செமிலிங்கிலிருந்து மெர்போக் போகும் சாலையோரம் இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியல் குழு 2000களின் இறுதியிலிருந்து இங்கு அகழாய்வு செய்தது. இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள், உலைக்குக் காற்று ஊத உதவிய சுடுமண் குழாய்கள், செங்கற் கட்டடங்கள், படகுத்துறைகள் ஆகியவை வெளிப்பட்டன. அடியில் வட்டமாகவும் மேலே சதுரமாகவும் அமைந்த ஒரு செங்கற் சின்னமும் உண்டு. இந்த இடம் கி.பி. முதல் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என முதலில் அறிவித்தார்கள்; பின்னர் கி.மு. காலத்துக்கும் கொண்டு சென்றார்கள். இக்காலக் கணிப்பில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும், சோழர் படை வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு உழைப்பாளிகள் இரும்பு உருக்கியிருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை.

2. மெர்போக் தொல்பொருள் காட்சியகமும் புக்கிட் பத்து பஹாட் சண்டியும்: 'சண்டி' என்பது பழங்காலக் கோயிலுக்கு மலாய் மொழியில் வழங்கும் சொல். காட்சியகத்துக்குப் பின்புறம், ஜெராய் மலையடிவாரத்தில் ஓடையருகே இந்தச் சண்டி நிற்கிறது. 1950களின் இறுதியில் அலஸ்டர் லாம்ப் இதனை அகழ்ந்தார்; பிறகு சிதறிய கற்களைக் கொண்டு மீட்டெழுப்பினார்கள். கருவறை மேடை, அதன் முன்னே மண்டபம் என்ற அமைப்பு நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் மேலே கற்கூரை இல்லை. தூண்கள் நின்ற அடிக்கற்கள் மட்டுமே உள்ளன. தூண்களும் கூரையும் மரத்தாலானவை. அவை மழையில் மக்கிப் போயின என்பது ஆய்வாளர் கருத்து. தஞ்சைக் கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். இந்த மழை நாட்டின் மரத்தையும் ஆற்றுக் கல்லையும் கொண்டு கட்டிய கைகளை நினைத்துப் போகிறவர் நெடுநேரம் நிற்பார். புக்கிட் பெண்டியாட், பெண்டாங் டாலாம் முதலிய இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த சண்டிகளும் இவ்வளாகத்தில் இருக்கின்றன.

3. பெங்காலான் பூஜாங்: பத்தாம் நூற்றாண்டுக்குப் பின் செழித்த துறைமுகம் இது. சீனப் பீங்கான் ஓடுகள், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகள், மணிகள் ஆகியவை இங்கு ஏராளமாகக் கிடைத்தன. காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் இந்தத் துண்டுகளை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். கடாரம் பல நாட்டவர் கூடிய சந்தை என்பதற்கு இவையே சாட்சி.

4. புக்கிட் சோராஸ்: ஜெராய் மலைக்கு வடக்கே யான் வட்டாரத்தில் உள்ளது. 2023இல் தொடங்கிய அகழாய்வில் பௌத்தத் தூபி ஒன்றும் சுதையாலான மனித உருவச் சிலைகளும் வெளிப்பட்டன. போகுமுன் அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

மண் சொல்லும் கதை

இவ்விடங்களைப் பார்த்துவிட்டு வந்தால் நம் மேடைப்பேச்சு சற்று மாறும் என நினைக்கிறேன். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு, மூடா ஆற்றுக்குத் தெற்கே இன்றைய செபராங் பிறையில் கண்டெடுக்கப்பட்டது. அது புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவனைக் குறிப்பிடுகிறது. அவன் ஊராகிய இரக்தமிருத்திகை வங்காளத்தில் இருந்ததாகக் கருதப்படுகிறது. சமயம் பௌத்தம், மொழி வடமொழி, எழுத்து வடிவமோ பல்லவர் வழி வந்தது. ஒரே கல்லில் இத்தனை கலப்பு!

சோழர் உறவும் போர் மட்டுமன்று. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக்கினான். அவன் மகன் இராசேந்திரன் 1025இல் கடாரத்தின் மீது படையெடுத்தான். பின்னர் முதலாம் குலோத்துங்கன் காலத்தில், கடாரத்து அரசனின் வேண்டுகோளை ஏற்று அதே விகாரைக்குச் சலுகைகள் உறுதி செய்யப்பட்டன. லெய்டன் செப்பேடுகள் இந்தக் கொடைகளைச் சொல்கின்றன. தந்தை கொடுத்தான், மகன் படை நடத்தினான், வழிவந்தவன் மீண்டும் கொடுத்தான். மூன்றில் நடுவே உள்ளதை மட்டும் நாம் முழங்கிக்கொண்டிருக்கிறோம்.

2013இல் இடிந்தவை இரண்டு

1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் தம் துணைவியார் டோரதியுடன் இவ்வட்டாரத்தை ஆய்ந்து, தாம் கண்ட இடங்களுக்கு எண் கொடுத்தார். அவற்றுள் 11ஆம் எண், சுங்கை பத்து தோட்டத்துச் சண்டி. கட்டியவர்கள் அதற்கு என்ன பெயர் வைத்தார்களோ, நமக்கு எஞ்சியது தோட்டத்தின் பெயரே. 2013 டிசம்பரில், வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது அந்தச் சண்டி இடிக்கப்பட்ட செய்தி வெளியானது. அவ்விடம் பாதுகாக்கப்பட்ட தளமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் இருந்தும் பயனில்லாமல் போயிற்று.

அதே 2013ஆம் ஆண்டு மே மாதம், உலகின் மறுபுறத்தில் இதே போன்ற செய்தி ஒன்று வந்தது. நடு அமெரிக்காவிலுள்ள பெலீஸ், நம்மைப் போலவே வெப்பமண்டல நாடு. நம்மைப் போலவே பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. மாயா நாகரிகத்தின் கோயில் நகரங்கள் காடுகளுக்குள் நிறைந்தது. அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே நின்ற நோமுல் என்ற ஏறத்தாழ 2,300 ஆண்டுப் பழமையான பிரமிடை, சாலை போடும் சல்லிக்காக இயந்திரம் கொண்டு தோண்டிவிட்டார்கள். நிலம் தனியாருடையது. ஆனால் அந்நாட்டுச் சட்டப்படி, தனியார் நிலத்தில் இருந்தாலும் பழைய மாயா இடிபாடுகள் அரசின் பாதுகாப்புக்கு உட்பட்டவை. அப்படிப்பட்ட நாட்டிலேயே ஒரு பிரமிடு போயிற்று. இடம் இடமாக அறிவித்தால்தான் பாதுகாப்பு என்ற நிலையில் உள்ள நமக்கு விழிப்பு இன்னும் கூடுதலாக வேண்டாமா?

பெலீஸ் நாட்டின் கரக்கோல் நகரிலுள்ள 'கானா' என்ற மாயாக் கட்டடம் ஏறத்தாழ 43 மீட்டர் உயரம். அதைக் காண்பதற்கென்றே மக்கள் வெளிநாடுகளிலிருந்து வருகிறார்கள். நம் சண்டிகள் பலவும் முழங்கால் உயரமே. உயரமானதை யாரும் சொல்லாமலே உலகம் பார்க்கும். தாழ்ந்திருப்பதை அறிந்தவர்தாம் காட்டித்தர வேண்டும்.

நம்மால் ஆவது

முதலாவது, மொழிக்கழகச் சுற்றுலாவை ஒருமுறையாவது மெர்போக்குக்கு ஏற்பாடு செய்யலாம். போகுமுன் ஒவ்வொருவரும் ஓர் இடத்தைப் பற்றிப் படித்துக்கொண்டு, அங்கே மற்றவர்க்கு விளக்கலாம். இரண்டாவது, எண் இடப்பட்ட தளங்களுள் எவை அரசிதழில் அறிவிக்கப்பட்டுள்ளன என்று தேசிய மரபுடைமைத் துறைக்கு எழுதிக் கேட்கலாம். ஒரு மாணவர் கழகம் முறையாக எழுதிய கடிதத்துக்கு மதிப்பு உண்டு.

மூன்றாவது, தோட்டத்து முதியவர்களிடம் பேசலாம். இந்தப் பழங்கோயில்கள் பல தோட்டங்களுக்குள்தான் புதைந்திருந்தன. பால்மரத்துக்கு இடையே எந்த மேட்டில் செங்கல் தட்டுப்பட்டது, எந்த ஓடையருகே செதுக்கிய கல் கிடந்தது என்பதை விடியலில் பால் வெட்டப் போனவர்கள் அறிந்திருப்பார்கள். பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் பால் வெட்டிய என் பாட்டி, "அந்தக் கல்லு மேட்டுப் பக்கம் செருப்புக் காலோட போவ மாட்டோம்பா" என்று சொல்லியிருக்கிறார். அந்த மேடு இன்று செம்பனையாகிவிட்டது. லயங்கள் இடிந்து, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபோது, இவ்வகை அறிவும் அவர்களோடு பெயர்ந்துவிட்டது. அதை எழுதி வைக்காவிட்டால் அடுத்த தலைமுறையில் கேட்க ஆள் இருக்கமாட்டார்கள்.

கடாரத்தைப் படை கொண்டு வென்றது ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி. அதனைக் காப்பது இன்றைய வேலை. அதற்குக் கப்பற்படை தேவையில்லை. ஒரு விடுமுறை நாளும், ஒரு குறிப்பேடும், கேட்கும் காதும் இருந்தால் போதும்.