தொழிற்பேட்டையும் பள்ளி மைதானமும்: ஹெப்பகோடி உணர்த்தும் பாடம்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் அமைந்துள்ளது ஹெப்பகோடி. 1978-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எலெக்ட்ரானிக் சிட்டி ஒருபுறமும், பொம்மசந்திரா தொழிற்பேட்டை மறுபுறமும் விரிவடைந்ததன் விளைவாக, வேளாண் கிராமமாக இருந்த இவ்வூர் நகராட்சியாக வளர்ந்துள்ளது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடமும் இவ்வழியே திறக்கப்பட்டது. வேலை நாடி வெளியூர்களிலிருந்து வந்த பல குடும்பங்கள் இத்தகைய ஊர்களில் சிறு வாடகை வீடுகளில் வாழ்கின்றன.

இவ்வகை வளர்ச்சியில் முதலில் மறைவது வெற்றுநிலமே. களத்துமேடும் ஊர்ப் பொதுவெளியும் மனைகளாக மாறிய பின், தொழிலாளர் வீட்டுக் குழந்தை அச்சமின்றி ஓடியாடக்கூடிய இடம் பெரும்பாலும் பள்ளி வளாகம் ஒன்றே. மாணவர் தொகை பெருகும்போது அங்கும் புதிய வகுப்பறை எழுகிறது. வகுப்பறை சாதனைக் கணக்கில் சேர்கிறது. அதற்காக இழந்த மைதானம் எக்கணக்கிலும் இடம்பெறுவதில்லை.

சட்டத்தின் நிலை

குழந்தையின் ஓய்வுக்கும் விளையாட்டுக்குமான உரிமையை, 1989-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு ஏற்கிறது. இந்தியா இவ்வுடன்படிக்கையை 1992-இல் ஏற்றுக்கொண்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, வகுப்பறை, குடிநீர், கழிப்பறை ஆகியவற்றோடு விளையாட்டு மைதானத்தையும் பள்ளிக்குரிய தேவையாகக் குறிப்பிடுகிறது. ஹரியானா மாநிலப் பள்ளி ஒன்றின் நில ஆக்கிரமிப்பு வழக்கில், மைதானமின்றிப் பள்ளி இருத்தலாகாது என்று உச்சநீதிமன்றம் 2023-இல் வலியுறுத்தியது. ஆகவே மைதானம் என்பது வசதியுள்ள பள்ளிக்கு மட்டும் உரிய அணிகலன் அன்று.

பரப்பும் நேரமும்

நெருக்கமான நகரில் புதிய நிலம் பெறுவது அரிது. எனினும் விளையாட்டு வாய்ப்பு நிலப்பரப்பை மட்டும் பொறுத்ததன்று. நேரப் பங்கீட்டையும் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, 240 மாணவர்களும் 600 சதுர மீட்டர் முற்றமும் கொண்ட ஒரு பள்ளியைக் கருதுவோம். அனைவரையும் ஒரே இடைவேளையில் வெளியே விட்டால் ஒருவருக்குக் கிடைப்பது 2.5 சதுர மீட்டர். 80 பேர் கொண்ட மூன்று அணிகளாகப் பிரித்து விட்டால் அதே முற்றம் ஒருவருக்கு 7.5 சதுர மீட்டர் அளிக்கும். இதற்கு நிதி தேவையில்லை. ஆனால் மேற்பார்வைக்கு ஆசிரியர் முறை வைக்க வேண்டும். ஓசை எட்டாதவாறு வகுப்புகளை மாற்றி அமைக்கவும் வேண்டும்.

பங்கீட்டில் மற்றொரு குறையும் உண்டு. மட்டையும் பந்தும் கொண்ட மூத்த சிறுவர்கள் நடு முற்றத்தைக் கைக்கொள்ள, சிறுமியரும் சிறு குழந்தைகளும் சுவரோரம் ஒதுங்குகின்றனர். ஓடுமிடம், ஏறுமிடம், நிழலில் அமர்ந்து ஆடுமிடம் என முற்றத்தை வகுப்பதே இதற்கு மாற்று. கன்னடச் சிறுவர் ‘குண்டெபில்லெ’ எனவும் தமிழ்ச் சிறுவர் ‘பாண்டி’ எனவும் அழைக்கும் ஆட்டத்திற்குத் தரையில் வரைந்த சில கோடுகளே போதும். பல மொழிக் குழந்தைகள் கூடும் பள்ளியில் இத்தகைய ஆட்டங்கள் மொழிப்பயிற்சிக்கும் துணையாகும்.

சிறு செலவில் பெரும்பயன்

ஆம்ஸ்டர்டாம் நகரில் 1947 முதல் 1978 வரை, கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் எய்க்கின் வடிவமைப்பில் 700-க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்கள் உருவாயின. அவற்றுட் பல பயனற்றுக் கிடந்த மூலைமனைகளில் அமைந்தவை. மணற்குழி, தாவுகற்கள், இரும்பு வளைவுகள் போன்ற எளிய பொருள்களே பயன்பட்டன. பெங்களூரைச் சேர்ந்த ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் என்னும் தொண்டு நிறுவனம், பழைய வாகன டயர்களைக் கொண்டு விளையாட்டிடங்கள் அமைத்து வருகிறது.

ஆயினும் பராமரிப்பின்றி இவை பயன்தரா. டயரில் துளையிடாவிட்டால் மழைநீர் தேங்கி டெங்குக் கொசு பெருகும். தேய்ந்த டயரின் கம்பி குழந்தையைக் கிழிக்கும். ஏறுசட்டத்தின் அடியில் சிமெண்டுத் தளத்திற்கு மாறாகத் தடித்த மணற்படுகை வேண்டும்; மணலை அவ்வப்போது கிளறிச் சலிக்கவும் வேண்டும். வெயிலில் கொதிக்கும் இரும்புச் சறுக்குமரத்தைப் புங்க மர நிழலில் அமைத்தல் நலம்.

பொறுப்பு யாருடையது?

2018-இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டம், விளையாட்டுக் கருவிகளுக்கென ஆரம்பப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை வழங்க வகைசெய்தது. பந்தும் கயிறும் வாங்க இது உதவும். முற்றத்தைச் சீரமைக்கப் போதாது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழிற்பேட்டையை அடுத்த பள்ளிகள் இந்நிதியை நாடலாம். ஆனால் கருவியை நிறுவும் செலவோடு சில ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் உடன்பாட்டில் சேர்க்க வேண்டும். இன்றேல், திறப்புவிழாவில் புதிதாக இருந்த ஊஞ்சல் வெகுவிரைவில் அறுந்து தொங்கும்.

கர்நாடகத்தில் பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழுக்கள் பள்ளிதோறும் இயங்குகின்றன. மைதானத்தின் எல்லையை அளந்து வரைபடத்தில் பதிவு செய்வதும், புதிய வகுப்பறை கோரும்போது மாடியாக எழுப்ப இயலுமா என ஆராயுமாறு கேட்பதும், மாலையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு முற்றத்தைத் திறந்துவிடுவது பற்றி நகராட்சியுடன் பேசுவதும் இக்குழுக்கள் ஆற்றத்தக்க பணிகளாகும்.

ஆய்வுக்கு வரும் அலுவலர், எத்தனை கருவிகள் உள்ளன என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. முதல் வகுப்புச் சிறுமி நேற்று எத்தனை நிமிடம் வெளியில் விளையாடினாள் என்றும் கேட்க வேண்டும். அவ்வினாவிற்கு விடை தரக்கூடிய பள்ளியே மைதானத்தை உண்மையில் பயன்படுத்தும் பள்ளியாகும்.