ஹாரனும் ஏர்பேக்கும்

கேள்வி: ஹாரன் விட்டுவிட்டு அடிக்கிறது. ஸ்டீயரிங் நடுவிலுள்ள ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

பதில்: அவர் சொல்வதில் நியாயம் உண்டு. பல கார்களில் அந்த ஏர்பேக் பெட்டியேதான் ஹாரன் பொத்தானும். சிறு ஸ்பிரிங்குகள் மேல் அது மிதக்கும். அழுத்தினால் தொடுப்பு சேர்ந்து ஒலிக்கும். முன்பு பெட்டியைப் பின்னாலிருந்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். இன்று பலவற்றில் ஸ்பிரிங் கம்பியில் கொக்கி 'டக்'கென்று மாட்டிக்கொள்கிறது.

ஆனால் உள்ளே இருப்பது வெடிபொருள் ஐயா! பேட்டரி வயரைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் மிச்சமிருக்கும். கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருக்கட்டும். கழற்றியதை முகப்பு மேலே பார்க்க வையுங்கள். கவிழ்த்து வைத்து வெடித்தால் பெட்டியே பறக்கும். மல்டிமீட்டரால் அதைச் சோதிக்க விடவே விடாதீர்கள்.