சாமையும் கலோரிக் கணக்கும்

ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர்க்குச் சாமை பசியாற்றும் மரபுணவு. இணைய ஊடகங்களில் அதே தானியம் 'எடைக்குறைப்பு உணவு' எனப் பெயர் பெறுகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் சாமையில் ஏறத்தாழ 346 கிலோகலோரியும் தீட்டிய அரிசியில் 356 கிலோகலோரியும் உள்ளன. ஆற்றலளவில் வேறுபாடு சிறிதே. சாமையின் மேன்மை நார்ச்சத்திலும் புரதத்திலும் அமைகிறது. எனவே அப்பெயர் தானியத்தின் இயல்பினைவிட, கலோரி எண்ணும் உடற்பயிற்சிச் செயலிகள் வளர்த்த நோக்கினையே சுட்டுகிறது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் உணவின் அளவைப் பசியோடும் செரிமானத்தோடும் பொருத்துகிறது. செயலியோ நாள்வரம்பு எண்ணோடு பொருத்துகிறது. அவ்வெண்ணை மீறியதற்காகக் குற்றவுணர்வுற்றுப் பட்டினி கிடத்தலும் மிகைப்பயிற்சி செய்தலும் இளையோரிடம் உண்ணல் சீர்குலைவின் அறிகுறிகளாகலாம். பசியாற்றிய உணவு பசியை மறுக்கும் கருவியாவதை இச்சொல்மாற்றம் புலப்படுத்துகிறது.