இரும்பு அலமாரியும் இரண்டு குழந்தைகளும்

சித்தூரில் பிறந்து திருப்பதியில் விலங்கியல் பயின்ற நான், சென்ற ஆண்டு வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இனப்பெருக்க உயிரியல் ஆராய்ச்சி மையத்தின் தலைமையை ஏற்றேன். "அங்கே தலைவருக்கு என்ன வேலை?" என்று நம் சங்கத்து மாணவர்கள் கேட்டிருந்தார்கள். பணம் வேண்டி மனு எழுதுவதும் கருவி வாங்குவதும் எங்கும் உள்ளவையே. எனக்கு முதற்பாடம் கற்பித்தது ஓர் இரும்பு அலமாரி. அதனுள் பழைய ஆய்வுக் குறிப்பேடுகள் இருந்தன. பலவற்றில் தேதியும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. எலியின் சினைமுட்டைகளைக் கண் நோக எண்ணி எழுதிய கணக்கு, யாருடையது என்று தெரியாமல் கிடந்தது.

அப்போது கல்கத்தா நினைவுக்கு வந்தது. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் லூயி பிரௌன் பிறந்தாள். தாயின் உடலுக்கு வெளியே கருவாகிப் பிறந்த உலகின் முதற்குழந்தை அவள். 70 நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவில் துர்கா பிறந்தாள். அவளை இவ்வுலகுக்குக் கொணர்ந்தவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி.

இருவர் முறையும் ஒன்றல்ல, நண்பர்களே. இங்கிலாந்தில் இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையை எடுத்தார்கள். முகர்ஜியோ ஹார்மோன் ஊசியால் ஒரே மாதத்தில் பல முட்டைகளை முதிரச் செய்தார். அந்த ஊசி கருப்பையின் உட்சுவரையும் மாற்றிவிடும். அம்மாதமே கருவை வைத்தால் அது ஒட்டாமற் போகலாம். ஆகவே கருவைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பின்னொரு மாதத்தில் உருக்கி வைத்தார். திரவ நைட்ரஜனின் குளிர் -196 பாகை. உயிரணுவிலுள்ள நீர் பனிக்கட்டி முனைகளாகி அதைக் கிழித்துவிடாதிருக்க, டைமீத்தைல் சல்பாக்சைடு சேர்த்தார். கருவை உறையவைத்துப் பின்னர் வைப்பது இன்று உலகெங்கும் அன்றாட மருத்துவம்.

அன்று அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. பின்பு கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். 1981 ஜூன் 19 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

1986 ஆகஸ்டு 6 அன்று பம்பாயில் ஹர்ஷா பிறந்தாள். டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும், இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராயிருந்த டாக்டர் டி. சி. ஆனந்த் குமாரும் செய்த பணி அது. இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை என்னும் பெருமை அவர்களுக்கு வந்தது. 1997-இல் கல்கத்தா சென்ற ஆனந்த் குமாரிடம் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகள் கொடுக்கப்பட்டன. அவர் படித்தார், ஆராய்ந்தார், முதற்பெருமை முகர்ஜிக்கே உரியது என்று 'கரண்ட் சயன்ஸ்' இதழில் எழுதினார். தாம் நடத்திய பணி இரண்டாவது என்று தம் கையாலேயே எழுதுவது எளிதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றையும் சொல்லவேண்டும்: முழுமையான சான்றுகளோடு பதிவானவள் ஹர்ஷாவே என்று இன்றும் எழுதுகிறார்கள். அதிலும் நியாயம் உண்டு.

அந்தக் குறிப்புகள் மட்டும் பழைய தாளோடு போயிருந்தால்?

எங்கள் மையத்தில் இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் இருவர் கையொப்பமும் உண்டு. மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும். பெயரில்லாத ஏடுகளின் படங்களைப் பழைய மாணவர்களுக்கு அனுப்பினேன். மூவர் பதில் எழுதினர். அவர்களுள் ஒருவர் இன்று சித்தூரில் பள்ளி ஆசிரியை. முட்டைக் கணக்கைப் பார்த்ததும், "ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவது நான்தான் ஐயா" என்று எழுதியிருந்தார். அவர் பெயரை மேலட்டையில் எழுதி, ஏட்டை அலமாரியில் திரும்ப வைத்தேன்.