மின்னலும் ஒலிக் கருவிகளின் பாதுகாப்பும்

வினா: சிறு சுற்று உடைப்பான் இருந்தும் மின்னலின்போது வீட்டிலுள்ள ஒலி விரியலாக்கி பழுதடைவது ஏன்?

விடை: சிறு சுற்று உடைப்பான் மிகை மின்னோட்டத்தின்போதே சுற்றைத் துண்டிக்கும். மின்னலால் ஏற்படும் வோல்ற்றளவு எழுச்சி சில மைக்ரோ செக்கன்களில் நிகழ்வதால், துண்டிக்க முன்னரே குறைகடத்திக் கூறுகள் சேதமடையும்.

எழுச்சிக் காப்பான்: இதிலுள்ள உலோக ஒட்சைட்டுத் தடையி 230 வோல்ற்றில் மிக உயர்ந்த தடையுடையது. வோல்ற்றளவு பெரிதும் உயர்ந்தால் தடை குறைந்து, எழுச்சி மின்னோட்டம் புவிக்குச் செல்லும். எனவே புவித்தொடுப்பு சீராக இருத்தல் அவசியம்.

நினைவிற் கொள்க: 30 மில்லி அம்பியர் பொசிவில் துண்டிக்கும் மீதி மின்னோட்டச் சுற்று உடைப்பான் உங்கள் உயிரைக் காக்கும், விரியலாக்கியை எழுச்சியிலிருந்து காக்காது.

மிக அருகில் விழும் மின்னலை எக்காப்பானும் முற்றாகத் தடுக்காது. வானம் இருளும்போதே செருகியையும் அன்ரனா வடத்தையும் கழற்றிவிடுங்கள். இடி கேட்ட பின்னர் அவற்றைத் தொடாதீர்கள்.