மிச்சமிருக்கும் கவனம்: விமானப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் தங்கைக்கு



உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமிக்கோ, அதைப் போன்ற வேறொரு விமானப் பயிற்சிப் பள்ளிக்கோ விண்ணப்பிக்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எந்தப் புத்தகத்தைப் படிப்பது, எந்த மென்பொருளில் பழகுவது என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்தத் தேர்வு உன்னிடம் எதைத் தேடுகிறது? எழுத்துத் தேர்வில் வருபவை ஆங்கிலம், கணிதம், இயற்பியல், தர்க்கம், பொது அறிவு. பிளஸ் டூ பாடத்தைத் தாண்டி அதிகம் போவதில்லை. அதைத் தாண்டினால் நேர்காணலும் விமானிக்கான திறனறி சோதனையும். இந்த இரண்டு கட்டங்களையும் தனித்தனித் தேர்வுகளாக நினைத்து, முதலாவதற்கு ஒரு பயிற்சி மையம், இரண்டாவதற்கு இன்னொன்று என்று ஓடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. எழுத்துத் தேர்வு பாடம் தெரியுமா என்று பார்க்கிறது. திறனறி சோதனையோ, வேறொரு வேலை கையில் இருக்கும்போதும் தெரிந்தது வருமா என்று பார்க்கிறது. ஒரு வேலையில் கண்ணும் கையும் ஈடுபட்டிருக்கையில் அடுத்ததற்கு உன்னிடம் எவ்வளவு கவனம் மிச்சமிருக்கிறது என்பதுதான் கடைசியில் கணக்கு. உன் தயாரிப்பு முழுவதும் அந்த மிச்சத்தைப் பெருக்குவதாக அமைய வேண்டும்.

பள்ளிக்குப் பள்ளி மென்பொருள் மாறினாலும் சோதனையின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். திரையில் ஒரு சிலுவைக்குறி நிற்காமல் அலைந்துகொண்டிருக்கும். ஜாய்ஸ்டிக்கால் அதை நடுப்புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். காலடியில் பெடல் இருந்தால் இன்னொரு கோட்டையும் கூடவே நேராக வைத்திருக்க வேண்டும். அதற்கிடையில் காதில் எண்கள் ஒலிக்கும். குறிப்பிட்ட எண் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். சற்று நேரத்தில் திரையின் ஓரத்தில் ஒரு கணக்கும் வந்து நிற்கும். தடுமாறுபவர்கள் பலர் இங்கே ஒரே மாதிரித் தடுமாறுகிறார்கள். சிலுவை நடுவை விட்டு ஒரு மயிரிழை விலகினாலும் பொறுக்காமல், அதிலேயே முழுக் கவனத்தையும் கொட்டிவிடுவார்கள். சிலுவை அழகாக நிற்கும். காதில் ஒலித்த நான்கைந்து எண்கள் போயே போயிருக்கும். இது ஏதோ கணினி விளையாட்டு, இதற்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிடாதே. 1972 டிசம்பர் 29 இரவு, நியூயார்க்கிலிருந்து மயாமிக்கு வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில், முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. விமானத்தை 2,000 அடி உயரத்தில் தானியங்கிக் கட்டுப்பாட்டில் விட்டுவிட்டு, விமானி அறையில் இருந்த அனுபவசாலிகள் அத்தனை பேரும் அந்தச் சின்ன விளக்கின் சிக்கலிலேயே மூழ்கிவிட்டார்கள். இதற்கிடையே உயரத்தைப் பிடித்துவைக்கும் அமைப்பு விடுபட்டுப்போனது. உயரம் குறைவதை எச்சரிக்கும் மணி ஒலித்தது. யார் காதிலும் ஏறவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பில் விமானம் விழுந்து, அதில் இருந்த 176 பேரில் நூறு பேர் அளவுக்கு இறந்தார்கள். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. பழுது பல்பில். அந்த அறையில் இருந்தவர்களுக்கு அறிவோ அனுபவமோ குறைவில்லை; உயரமானியைப் பார்க்க ஒருவருடைய கவனமும் மிச்சமில்லை. நுழைவு வாசலிலேயே உன் கவனத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

இப்படிப்பட்ட சோதனைகளால் உண்மையில் எதையாவது கணிக்க முடியுமா? முடியும் என்பதற்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே பெரிய அளவில் சான்று கிடைத்தது. ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளர் தலைமையில் அமெரிக்க ராணுவ வான்படை எழுத்துத் தேர்வுகளையும் கை, கால், கண் ஒருங்கிணைப்புச் சோதனைகளையும் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் 1 முதல் 9 வரை ஒரு தரம் கொடுத்தது. உச்சத் தரத்தில் இருந்தவர்களில் தொடக்கநிலைப் பறத்தல் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அடித்தரத்தில் நான்கில் மூவர் நீக்கப்பட்டார்கள். சந்தேகப்பட்டவர்களுக்குப் பதில் சொல்வதற்காக, 1943-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை மதிப்பெண்ணே பாராமல் பயிற்சிக்கு அனுப்பியும் பார்த்தார்கள்; சோதனை முன்கூட்டிச் சொன்னதைப் பயிற்சிக்களம் உறுதி செய்தது. ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். ஹன்டர், பர்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அரை நூற்றாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1994-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, விமானி வேலையின் சாயல் கொண்ட சோதனைகளும் கை ஒருங்கிணைப்புச் சோதனைகளுமே நன்றாகக் கணித்தன. ஆனால் அவற்றுக்கும் பயிற்சி வெற்றிக்கும் இடையிலான தொடர்புக்கெழுகூட 0.3-ஐ ஒட்டியே நின்றது. ஆயிரக்கணக்கானவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்துக்கு அது மிகப் பயனுள்ள எண். ஒற்றை ஆளாக நிற்கும் உன்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது. இரண்டையும் ஒருசேர மனதில் வைத்துக்கொள்: சோதனை பொய்யுமில்லை, ஜாதகமுமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். பழகினால் மதிப்பெண் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, காசு கட்டி அந்த மென்பொருளிலேயே ஆறு மாதம் பழகிவிட்டால் என்ன? ஏறும் என்பது உண்மை. அறிவுத்திறன் சோதனைகளை இரண்டாம் முறை எழுதுவோருக்குச் சராசரியாகத் திட்டவிலக்கத்தில் கால் பங்கு அளவுக்கு மதிப்பெண் கூடுகிறது என்று 2007-ல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. அதனால் பழகவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஜாய்ஸ்டிக்கைத் தொட்டே பார்க்காமல் போகும் கிராமத்துப் பிள்ளை, வீட்டில் சிமுலேட்டர் வைத்திருக்கும் நகரத்துப் பிள்ளைக்கு முன்னால் தன் திறமைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் பின்தங்குவது அநியாயம். கருவியின் அந்நியம் விலகும்வரை பழகு; சில வாரங்கள் போதும். அதற்குமேல் நீ சேர்த்துக்கொள்வது அந்த ஒரு மென்பொருளின் போக்கைத்தான். அந்த மனப்பாடத்தோடு உள்ளே நுழைந்துவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். செலவு அரைக் கோடி ரூபாயைத் தொடும். பல குடும்பங்களுக்கு அது நிலத்தை விற்றோ வீட்டை அடமானம் வைத்தோ புரட்டும் பணம். பத்து மணி நேரத்தில் கற்க வேண்டியதற்கு உனக்கு இருபது மணி நேரம் ஆனால், ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் ரசீது உன் அப்பா அம்மா பெயரில்தான் வரும். நுழைவுச் சோதனையை ஏமாற்றிக் கடக்க வேண்டிய காவல்காரனாகப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. அந்தச் சோதனை உன் வீட்டுப் பணத்துக்கும் சேர்த்துத்தான் காவல் நிற்கிறது.

சரி, மென்பொருளைத் தவிர வேறெதில் பழகுவது? பிளஸ் டூ புத்தகத்திலேயே இருப்பவற்றில். தெரிந்தவற்றை யோசிக்காமலே வரும் அளவுக்குக் கொண்டுபோவதில். கையில் தாளம் போட்டுக்கொண்டே கல்பனாஸ்வரம் பாடுபவரைக் கவனித்திருப்பாய். தாளம் கையில் தானாக ஓடுவதால்தான் மனம் முழுக்க ஸ்வரத்தில் இருக்க முடிகிறது. விமானியின் கையிலும் சில கணக்குகள் அப்படி ஓட வேண்டும். 140 டிகிரி திசையில் போய்க்கொண்டிருக்கிறாய், எதிர்த்திசை என்ன? 180-ஐக் கூட்ட மனம் தயங்கும். 200-ஐக் கூட்டி 20-ஐக் கழித்தால் 320 உடனே வந்துவிடும். திசை 180-ஐத் தாண்டியதென்றால் 200-ஐக் கழித்து 20-ஐக் கூட்டு: 240-க்கு எதிர் 060. அறுபது மைல் போனதில் ஒரு மைல் விலகியிருந்தால் ஒரு டிகிரி பிழை என்பது வழியறிதலின் பழைய விதி. முப்பது மைலில் இரண்டு மைல் விலகியிருந்தால் எவ்வளவு? நான்கு டிகிரி. மூன்று டிகிரிச் சரிவில் ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது, தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும்: 120 நாட் வேகத்துக்கு 600 அடி. ஓடுபாதைக்கு 30 டிகிரி கோணத்தில் 20 நாட் காற்று அடிக்கிறதென்றால் பக்கவாட்டில் தள்ளுவது அதில் பாதி, 10 நாட். ஏனென்றால் சைன் 30 அரை. பத்தாம் வகுப்பில் நீ படித்த அந்த சைன் மதிப்பு ஓடுபாதையின் மேல் உயிரோடு இருக்கிறது. இவற்றை மேசையில் உட்கார்ந்து மட்டும் போடாதே. நடக்கும்போது, பாத்திரம் துலக்கும்போது, பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது யாரையாவது கேட்கச் சொல்லிப் பதில் சொல். உட்கார்ந்தால் வருகிறது, நின்றால் வரவில்லை என்றால் அது இன்னும் உனக்குச் சொந்தமாகவில்லை. இயற்பியலும் அப்படியே. பெர்னூலியின் சூத்திரத்தை எழுதத் தெரிவது ஒரு படி. விமானத்தைச் சரித்துத் திருப்பும்போது உயரம் ஏன் குறையப் பார்க்கிறது, அதைத் தடுக்க ஏன் மூக்கைச் சற்றுத் தூக்க வேண்டும் என்பதை விசைகளை வரைந்து உன் தம்பிக்குப் புரியவைக்க முடிந்தால் அது அடுத்த படி. நேர்காணலில் கேட்பது பெரும்பாலும் அந்த இரண்டாம் படியை.

தமிழ்வழியில் படித்தவர்கள் இங்கே மனம் சோர்வதுண்டு. ஆங்கிலம்தான் தடை, மற்றபடி எல்லாம் தெரியும் என்பார்கள். தடை இருக்கிறது, இல்லையென்று சொல்லி உன்னை ஆறுதல்படுத்த மாட்டேன். பாடநூலும் உரிமத் தேர்வும் வானொலிப் பேச்சும் ஆங்கிலத்தில்தான். சர்வதேச அளவில் விமானிகளுக்கான மொழித்தேர்ச்சியில் குறைந்தது நான்காம் நிலை எட்டியாக வேண்டும். ஆனால் அங்கே யாரும் அலங்கார ஆங்கிலம் எதிர்பார்ப்பதில்லை. கேட்டதைத் தவறில்லாமல் திருப்பிச் சொல்வதும், நடப்பதைச் சுருக்கமாகச் சொல்வதும் போதும். உச்சரிப்பில் தமிழ் வாசனை அடிப்பதால் எந்த விமானமும் விழுந்துவிடாது. எண்களில் மட்டும் சலுகை காட்டாதே. கணக்கைத் தமிழில் போட்டு விடையை ஆங்கிலத்தில் சொல்லும் பழக்கம் கேட்பவருக்குத் தெரியாது, ஆனால் உன் கவனத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு முறையும் தின்றுகொண்டிருக்கும். அதனால் மேலே சொன்ன கணக்குகளை எல்லாம் முதல் நாளிலிருந்தே ஆங்கில எண்களில், ஒவ்வொரு இலக்கமாக, வாய்விட்டுச் சொல்லிப் பழகு. தத்துவத்தைத் தமிழில் யோசிப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆழமாகப் புரிவது பெரும்பாலும் அங்கேதான்.

பறக்கும் திறன் பிறவியிலேயே வருவது, இல்லாதவர் எவ்வளவு முயன்றும் பயனில்லை என்று சிலர் சொல்வார்கள். கை ஒருங்கிணைப்பில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஃபிளானகனின் எண்கள் அதைத்தான் காட்டுகின்றன. ஆனால் கவனம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது பிறப்போடு மட்டும் முடிவாவதில்லை. செய்யும் வேலை எவ்வளவு பழகியது என்பதும் அதைத் தீர்மானிக்கிறது, அந்தப் பாதி உன் கையில். ஒருமுறை கிடைக்காவிட்டால் காரணம் எதுவென்று பிரித்துப் பார். கணக்கில் வேகம் குறைவா, இரண்டு வேலைகள் சேர்ந்தபோது குழம்பியதா என்று. குடிமை விமானப் பள்ளிகளில் மறுபடி எழுதலாம். விமானப்படை அப்படியல்ல. அங்கே விமானிக்கான கணினித் தேர்வில் ஒருமுறை தவறியவருக்கு வாழ்நாளில் மறுவாய்ப்பில்லை. பழக்கத்தால் ஏறாத முதல் மதிப்பெண்ணே அவர்களுக்கு வேண்டும் என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆகவே, சும்மா எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று தோழிகளோடு சேர்ந்து அங்கே போய் நிற்காதே. விமானப்படையும் உன் ஆசைப் பட்டியலில் இருந்தால், முழுத் தயாரிப்போடும் முந்தைய இரவின் நல்ல தூக்கத்தோடும் போ. தூக்கத்தைச் சும்மா சொல்லவில்லை. கண்விழித்துப் படித்தவருக்கு மனப்பாடம்கூட நிற்கலாம், பிரிந்து வேலை செய்யும் கவனம் நிற்காது.

குணநலன் வினாத்தாள் ஒன்றையும் கொடுத்தால், அதில் எல்லாக் கேள்விக்கும் வீரமான பதிலைத் தேடாதே. ஒரே விஷயத்தை வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்பக் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்; நடிப்பவர் பத்தாவது பக்கத்துக்குள் தன்னோடு முரண்பட்டுவிடுவார். நேர்காணலிலும் தெரியாததைத் தெரியாது என்று சொல். மேலே உயரமானி எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டால் ஊகித்துப் பதில் சொல்பவரோடு பறக்க அந்த மேசைக்கு எதிரில் இருக்கும் எவருக்கும் விருப்பமிருக்காது. இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால், பயிற்சி மையத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டும் முன்னால், விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடு. கண்ணாடி போட்டிருப்பது மட்டுமே தடையாகாது. நிறப்பார்வைக் குறை தடையாகலாம், அது தங்களுக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. சிறுவயதில் வந்துபோன வலிப்பையோ ஆஸ்துமாவையோ படிவத்தில் மறைக்காதே; பிறகு முதல் வகுப்புச் சான்றிதழுக்கான பரிசோதனையில் அது வெளிவந்தால் அதுவரை கட்டிய பணம் திரும்பாது. சான்றிதழ் கைக்கு வந்த அன்றே மேலே சொன்ன எண் கணக்குகளைத் தொடங்கு.