அரை சென்டிமீட்டர் இடதுபுறம்

ஆயுத பூஜைக்குக் கணினியைக் கழற்றித் தூசி தட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் திரும்ப மாட்டினேன். லினக்ஸ் மின்ட் வழக்கம்போல எழுந்து வந்தது. ஆனால் எழுத்தெல்லாம் பூசணிக்காய் மாதிரி பெருத்துக் கிடந்தது. என்னுடையது 17 அங்குல எல்சிடி மானிட்டர், விஜிஏ கேபிளில் ஓடுவது. அதன் இயல்பான அளவு 1280க்கு 1024. வந்திருந்ததோ 1024க்கு 768. அமைப்புகளில் போய்த் தேடினால் அதற்கு மேல் தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லை.

நமக்குத்தான் நாலு கட்டளை தெரியுமே என்ற தைரியம். டெர்மினலைத் திறந்து சிவிடி என்ற கட்டளையிடம் 1280க்கு 1024க்கான கணக்கைக் கேட்டு, அது தந்த வரியை எக்ஸ்ரேண்டர் கட்டளையில் புதிய மோடாகச் சேர்த்தேன். அளவு சரியாகிவிட்டது, படம்தான் நகர்ந்துவிட்டது. இடது ஓரத்தில் அரை சென்டிமீட்டர் காணவில்லை. வலப்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்குக் கறுப்புப் பட்டை. மேலே நாலைந்து வரிகளும் போயிருந்தன. கீழ் மூலையில் இருக்கும் மெனு பொத்தான் பாதி கடித்த பிஸ்கட் போல நின்றது.

கணினி சர்வீஸ் செய்யும் தம்பி ஒருவருக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அண்ணே, எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

எடுத்த படத்தைத் திறந்து பார்த்தேன். முழுசாக, நாலு ஓரமும் ஒழுங்காக இருந்தது. ஸ்கிரீன்ஷாட் என்பது கணினி தன் நினைவில் வரைந்து வைத்திருக்கும் படம். அது கேபிள் வழியாகப் போய் மானிட்டரில் எப்படி விழுகிறது என்பது கணினிக்குத் தெரியவே தெரியாது. இந்த ஒரு விஷயம் முன்பே மண்டையில் ஏறியிருந்தால் பேனலையும் தீமையும் வால்பேப்பரையும் மாற்றி ஒரு மாலையை வீணாக்கியிருக்க மாட்டேன்.

"மானிட்டர் பட்டனை அமுக்கி அதோட மெனுவை வரவைங்கண்ணே. அது நடுவுல நிக்குதா?"

நின்றது. அப்படியென்றால் மானிட்டர் திரையில் கோளாறு இல்லை, வருகிற சிக்னலின் கணக்கில்தான் கோளாறு.

விஜிஏ என்பது ஐபிஎம் 1987இல் கொண்டுவந்தது, குழாய் மானிட்டர் காலத்துச் சங்கதி. அந்தக் கேபிளில் புள்ளிகள் எண்ணி வருவதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறி இறங்கும் மின்னழுத்தமாக வருகின்றன. கூடவே 'புது வரி', 'புதுப் பக்கம்' என்று அதட்டும் இரண்டு துடிப்புகள், அவ்வளவுதான். குழாயில் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை முடித்து இடது ஓரத்துக்குத் திரும்பி ஓட அவகாசம் வேண்டும். அதற்காகத் துடிப்புக்கு முன்னும் பின்னும் சும்மா ஓர் இடைவெளி விட்டார்கள். பொறியாளர்கள் இவற்றுக்கு ஃப்ரண்ட் போர்ச், பேக் போர்ச் என்று பெயர் வைத்தார்கள். நம் மொழியில் முன்திண்ணை, பின்திண்ணை. எல்சிடியில் ஓடித் திரும்பக் கற்றை எதுவும் இல்லை, ஆனாலும் திண்ணைகள் இருக்கின்றன. துடிப்பிலிருந்து இத்தனை புள்ளி தள்ளித்தான் படம் தொடங்கும் என்று மானிட்டர் நம்பிக்கொண்டு காத்திருக்கிறது.

1280க்கு 1024, 60 ஹெர்ட்ஸ் என்றால் மானிட்டர்கள் எதிர்பார்க்கும் வழக்கமான கணக்கு இது: கடிகாரம் 108 மெகாஹெர்ட்ஸ், கிடையாக 1280, 1328, 1440, 1688, செங்குத்தாக 1024, 1025, 1028, 1066, இரண்டு துடிப்புகளுக்கும் கூட்டல் குறி. சிவிடி எனக்குக் கொடுத்தது 109 மெகாஹெர்ட்ஸ், 1280, 1368, 1496, 1712, பிறகு 1024, 1027, 1034, 1063. கடைசி எண்ணிலிருந்து இரண்டாவது எண்ணைக் கழித்துப் பாருங்கள். துடிப்பு தொடங்கியதிலிருந்து படம் வரும்வரை முதல் கணக்கில் 360 புள்ளி, இரண்டாவதில் 344. மேலிருந்து கீழாக எண்ணினால் 41 வரிக்குப் பதில் 36. மானிட்டர் கதவைத் திறப்பதற்குள் படம் உள்ளே பாதி போய்விட்டது. ஒரு வரியின் மொத்த நீளமும் 1688க்கு 1712 என்று பொருந்தவில்லை. எழுத்துகள் பட்டை பட்டையாக மங்கித் தெரிந்ததும் அதனால்தான். சிவிடி கணக்கில் தப்பு ஏதும் இல்லை. அது வேறொரு சூத்திரம், என் மானிட்டருக்குப் பழக்கமில்லாத சூத்திரம்.

மானிட்டரில் 'ஆட்டோ' என்ற பொத்தான் இருக்கிறதே, அதை முதலிலேயே அமுக்கியிருக்கலாமே என்பீர்கள். அமுக்கினேன். படம் இன்னும் மோசமாகப் போனது. அப்போது திரை முழுக்கக் கறுப்பு டெர்மினல் திறந்திருந்தது. ஆட்டோ செய்வது, வெளிச்சமான புள்ளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தடவிப் பார்ப்பது. ஓரமெல்லாம் கறுப்பாக இருந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு சுவரைத் தேடுகிற கதைதான். வெற்று வெள்ளைப் படம் ஒன்றை முழுத்திரையில் வைத்துவிட்டு மறுபடி அமுக்கினேன். இரண்டு விநாடியில் நடுவுக்கு வந்து உட்கார்ந்தது. பெரும்பாலானவர்களுக்கு இதோடு வேலை முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை. கரண்ட் போய் வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

அதனால் 108 மெகாஹெர்ட்ஸ் கணக்கையே மோடாகச் சேர்த்தேன். சரியாகிவிட்டது. உங்கள் மானிட்டர் அப்போதும் அடம்பிடித்தால் கிடை எண்களில் நடுவில் உள்ள இரண்டை மட்டும் சமமாக, எட்டு எட்டாகக் குறையுங்கள். படம் வலப்புறம் நகரும். கூட்டினால் இடப்புறம் நகரும். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் தொட வேண்டாம். சோதிக்கும்போது கட்டளைக்குப் பின்னாலேயே, 'ஸ்லீப் 15' போட்டு, பழைய மோடுக்குத் திரும்பும் கட்டளையையும் அதே வரியில் எழுதிவிடுங்கள். திரை இருண்டுபோனால் 15 விநாடி கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும். வேலண்ட் அமர்வில் எக்ஸ்ரேண்டர் புதிய மோட் சேர்க்காது என்பதையும் நினைவில் வையுங்கள். டிவியை எச்டிஎம்ஐயில் மாட்டி நாலு ஓரமும் வெட்டுப்பட்டால் அது ஓவர்ஸ்கேன், வேறு நோய். டிவியின் சொந்த மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருக்கும், போட்டால் தீர்ந்தது.

இவ்வளவும் செய்த பிறகுதான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். பூஜைக்கு முந்தின நாள்வரை இந்த மானிட்டரின் அளவு கணினிக்கு எப்படித் தெரிந்தது? மானிட்டர் தன் ஜாதகத்தைத் தானே சொல்லும். ஈடிஐடி என்று பெயர், 128 பைட்டில் தொடங்கும். சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்று போனால் அந்தக் கோப்பு இருக்கும். கோப்புப் பட்டியலில் அதன் அளவு எப்போதும் 0 என்றே காட்டும், அதை நம்பக் கூடாது. டபிள்யூசி கட்டளையில் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணினேன். அப்போதும் 0.

கேபிளைக் கழற்றி டார்ச் அடித்தேன். 15 ஊசிகளில் ஜாதகம் போகிற வழி 12உம் 15உம், இரண்டுமே கீழ் வரிசை. 12ஆம் ஊசி தலை சாய்ந்து படுத்திருந்தது. துடைத்துவிட்டு மாட்டும்போது நான்தான் கோணலாக அழுத்தியிருக்க வேண்டும். நடு வரிசையிலும் ஓர் ஊசி இல்லாததைப் பார்த்துப் பதறினேன். அது 9ஆம் ஊசி, பல கேபிள்களில் பிறவியிலேயே இருக்காது. படுத்திருந்ததைக் குண்டூசியால் நிமிர்த்தப் போய் கையோடு வந்துவிட்டது.

புதுக் கேபிளை மாட்டியதும் கணினி தானே 1280க்கு 1024ஐ எடுத்துக்கொண்டது, அதே 108 மெகாஹெர்ட்ஸ் கணக்கோடு. நான் எழுதிவைத்த வரிகளையெல்லாம் அழித்துவிட்டேன். உங்கள் படம் நகர்ந்திருந்தால் டெர்மினலைத் திறப்பதற்கு முன் கேபிளைக் கழற்றி அந்தக் கீழ் வரிசையைப் பார்த்துவிடுங்கள். குண்டூசி மட்டும் வேண்டாம்.